அடிக்கட்டை வரை எட்டாத சான்றுகள்

2002 ஏப்ரலில் லண்டன் வொயிட்ஹாலில் பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகத்தின் கட்டடம் ஒன்றில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கிரீன்பீஸ் அமைப்பினர் உள்ளே நுழைந்து, அங்கே பொருத்தப்பட்டுவந்த கதவுகளை ஊரறியச் செய்தார்கள். அவை சப்பேலி என்னும் ஆப்பிரிக்க மழைக்காட்டு மரத்தில் செய்தவை. சட்டப்படி வெட்டிய, காடு அழியாமல் எடுத்த மரத்தையே அரசுத் துறைகள் இனி நாட வேண்டும் என்று 2000 ஜூலையில் அறிவித்ததும் அதே அரசுதான். 2002லேயே நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு இதை விசாரித்தது. அறிவிப்பு வந்து இரண்டாண்டு ஆகியும் வாங்கும் வழக்கம் பெரிதாக மாறவில்லை என்பது அந்த விசாரணையில் தெரியவந்தது.

சொல்லொன்று செயலொன்று என்பது எந்த அரசிடமும் பார்க்கக்கூடியது. அதில் வியக்க ஒன்றுமில்லை. நல்லெண்ணத்தோடு வாங்க நினைக்கும் ஓர் அதிகாரி எந்தக் காகிதத்தைப் பார்த்து நம்ப வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே அந்த விவகாரத்தில் முக்கியமாகப் படுகிறது. பிரிட்டன் பிறகு அதற்கு ஒரு முறையை வகுத்தது. 2005இல் மரக் கொள்முதலுக்கென்று ஒரு வல்லுநர் மையம் தொடங்கப்பட்டது. சான்றுகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டன. எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்த் திட்டங்கள் ஏ வகை. மற்ற எல்லா ஆவணங்களும் பி வகை; அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய வேண்டும். 2009 ஏப்ரல் முதல், சட்டப்பூர்வமானதும் நீடித்த வன மேலாண்மையில் விளைந்ததுமான மரம், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்பாடு செய்த நாடுகளின் உரிமம் பெற்ற மரம் மட்டுமே மத்திய அரசுத் துறைகளுக்கு என்றானது. கலப்புப் பொருளில் குறைந்தது 70 சதவீதம் இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும். மீதி சட்டப்பூர்வமானதாகவாவது இருக்க வேண்டும்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் பிறகான இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பிடிபட்ட பெரிய மர மோசடிகளைப் பார்த்தால், அவற்றில் ஆவணம் இல்லாமல் போன மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் கோப்பு கனமாகவே இருந்தது. கோப்பின் கனத்தை விட்டுவிட்டு, கோப்புக்குள் இருக்கும் அளவுகளும் இடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே உண்மையான சோதனை என்பது என் வாதம். முத்திரையை நம்புவதைவிடக் கணக்கை நம்பலாம்.

ஒரு கப்பல் மரத்தோடு வழக்கமாக வரும் காகிதங்களை எடுத்துக்கொள்வோம். விலைப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு, பிறப்பிடச் சான்று, தாவர நலச் சான்று, ஏற்றுமதி நாட்டு வனத்துறையின் போக்குவரத்துச் சீட்டு, சில வேளைகளில் வெட்டு அனுமதியின் நகல். வாங்குபவர் முன் விற்பவர் பெருமையோடு எடுத்து வைப்பது பெரும்பாலும் தாவர நலச் சான்றைத்தான். அரசு இலச்சினையும் அதிகாரியின் கையெழுத்தும் அதில் உண்டு. ஆனால் அந்த அதிகாரி பார்த்தது மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் இருக்கின்றனவா என்று மட்டும். அந்த மரம் யாருடைய காட்டில் நின்றது என்று அவர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையும் இல்லை. பிறப்பிடச் சான்று வணிகச் சபை தருவது. சுங்க வரிச் சலுகைக்காக நாட்டின் பெயரைச் சொல்லும். காட்டின் பெயரைச் சொல்லாது. ஒவ்வொரு தாளையும் கையில் எடுக்கும்போது, இதில் கையெழுத்திட்டவர் எந்த இடத்தில் நின்று எதைக் கண்ணால் பார்த்தார் என்று கேட்டுவிட்டால் பாதிக் கோப்பு தானாகவே ஒதுங்கிவிடும்.

மிஞ்சுவது வெட்டு அனுமதியும் போக்குவரத்துச் சீட்டும். இவை காட்டுக்கு அருகில் பிறப்பவை. ஆகவே பொய்யும் அங்கேதான் பிறக்கிறது. பெரு நாட்டின் கதை இதற்கு ஒரு பாடம்.

பெருவில் அமேசான் காட்டில் மரம் வெட்ட உரிமை பெற்றவர், அந்த ஆண்டு வெட்டப்போகும் மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துப் பட்டியல் தர வேண்டும். இன்ன இனம், இன்ன விட்டம், இன்ன ஆயத்தொலைவு என்று வரைபடப் புள்ளியோடு. வட்டார அரசு அதை ஏற்றதும், அந்தப் பட்டியலின் கன அளவுக்கு ஏற்பப் போக்குவரத்துச் சீட்டுகள் கிடைக்கும். கேட்பதற்கு இதைவிட இறுக்கமான முறை இருக்க முடியாது. ஓசின்ஃபோர் என்ற வனக் கண்காணிப்பு அமைப்பின் ஆட்கள் அந்தப் புள்ளிகளைக் கருவியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார்கள். மரம் வெட்டப்பட்டதாகச் சொன்ன இடத்தில் அடிக்கட்டை இல்லை. விழுந்த கிளைகள் இல்லை, இழுத்துச் சென்ற தடமும் இல்லை. அந்த மரம் அங்கே எப்போதுமே நிற்கவில்லை. இல்லாத மரத்துக்கு வாங்கிய சீட்டு, எங்கோ பாதுகாக்கப்பட்ட காட்டிலோ பழங்குடியினர் நிலத்திலோ வெட்டிய இருக்கிற மரத்தோடு ஆற்றில் இறங்கி ஆலைக்கு வந்தது.

2015 ஜனவரியில் இகிடோஸ் துறையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட யாகு கல்பா என்ற கப்பலின் மரத்தை இப்படிப் பின்னோக்கித் தேடினார்கள். துறைமுகத்தில் காகிதங்களைச் சரிபார்த்திருந்தால் குறையொன்றும் தெரிந்திருக்காது. சீட்டில் இருந்த புள்ளிகளுக்கு நடந்து போனதால்தான் சரக்கின் பெரும்பகுதி சட்டவிரோதமானது என்று தெரிந்தது. 2009 முதல் நடப்பிலிருந்த அமெரிக்க–பெரு வணிக உடன்பாட்டில் காடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு. அதைக் கொண்டு, 2017 அக்டோபரில் அந்தச் சரக்கோடு தொடர்புடைய ஒரு பெரு நிறுவனத்தின் மரம் அமெரிக்காவுக்குள் வரக் கூடாதென்று தடை போடப்பட்டது. காட்டுக்குள் நடந்து பார்த்த அமைப்பின் தலைவர் ரோலாண்டோ நவாரோ அதற்கு முன்பே, 2016 ஜனவரியில், பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். நாட்டை விட்டும் வெளியேறினார். சான்றைச் சரிபார்ப்பது அறிவுத்துறைச் சிக்கல் மட்டும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காட்டுக்குள் நடக்க வாங்குபவரால் முடியாது. உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியது கூட்டிப் பார்ப்பது. அதைச் செய்யாததன் விலையை அமெரிக்காவின் லம்பர் லிக்விடேட்டர்ஸ் நிறுவனம் கொடுத்தது. தரைப் பலகை விற்கும் பெரிய நிறுவனம். அது வாங்கிய ஓக் பலகைகள் சீனாவில் அறுக்கப்பட்டவை. மரமோ ரஷ்யாவின் தூரக்கிழக்கில், அமூர் புலியும் அமூர் சிறுத்தையும் வாழும் காட்டில் வெட்டப்பட்டது. கூடவே ஒரு வெட்டு உரிமத்தின் நகலும் இருந்தது. அந்த உரிமம் போலி என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதே உரிமம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருந்தது. இந்த ஒரு நிறுவனம் இறக்கிய மங்கோலிய ஓக்கை மட்டும் கூட்டினாலே உரிமம் அனுமதித்த அளவை 800 சதவீதத்துக்கு மேல் தாண்டியது. இன்னொரு சரக்கில் மியான்மர் மரம் இந்தோனேசிய மகோகனி என்று சுங்கத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது. 2008இல் மரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட லேசி சட்டத்தின்கீழ், 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு 1.3 கோடி டாலருக்கு மேல் கட்டியது.

ஒரு கூட்டல் கணக்கு. உரிமத்தில் எழுதிய அளவு ஒரு பக்கம், இதுவரை வாங்கிய அளவு மறுபக்கம். இதற்கு நிபுணர் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனிக் கோப்பு திறக்கும் அலுவலகத்தில் இந்தக் கூட்டலை யாரும் போட மாட்டார்கள். ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் சரியாகவே இருக்கும்.

கணக்கை நம்பலாம் என்றேன். கணக்குக்கும் கண்ணி உண்டு. நம் மரவாடிகளில் உருட்டு மரத்தை அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டையின் நடுவில் நூலைச் சுற்றி, அந்தச் சுற்றளவை நாலாக மடித்து, கிடைத்த நீளத்தைத் தன்னாலேயே பெருக்கி, பிறகு கட்டையின் நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை இப்படிப் பார்த்தால் 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, ஆக 10 கன அடி. உருளையின் உண்மையான கன அளவோ 12.7 கன அடி. பட்டையும் வெளிமரமும் அறுப்பில் வீணாகும் என்பதால் வாங்குபவருக்குச் சாதகமாக ஏற்பட்ட வழக்கு இது. பிரிட்டிஷ் காலத்து ஹாப்பஸ் அளவும் இதே கணக்குதான். மியான்மர் தேக்கு இன்றுவரை ஹாப்பஸ் டன்னில் விலை பேசப்படுகிறது. வேறு பல நாடுகளோ உண்மையான கன மீட்டரில் பதிகின்றன.

இப்போது ஓர் ஆலை 1,000 கன அடி கட்டை வாங்கி 650 கன அடி அறுத்த மரம் விற்றதாகக் கணக்குக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறுக்கு 65. உருட்டுக் கட்டையில் பாதிக்குச் சற்று மேல் தேறினாலே நல்ல அறுப்பு; ஆகவே வெளியிலிருந்து திருட்டு மரம் உள்ளே கலந்திருக்குமோ என்று தணிக்கையாளர் சந்தேகிப்பார். ஆனால் அந்த 1,000 நூல் மடித்த கணக்கு என்றால் உண்மையில் உள்ளே போனது ஏறக்குறைய 1,270. தேறியது நூறுக்கு 51. நேர்மையான ஆலை. இதையே தலைகீழாகவும் செய்யலாம்: நாடு விட்டு நாடு போகும்போது அளவுமுறை மாறுவதைச் சாக்காக வைத்து 27 சதவீத மரத்தை நோகாமல் உள்ளே நுழைத்துவிடலாம். எந்த முறையில் அளந்தது என்று கேட்காத தணிக்கை நல்லவனைப் பிடிக்கும், திருடனை விட்டுவிடும். மரச் சான்றுகளைப் பற்றிய கொள்கை ஆவணங்களில் கொள்கை நிறைய, அளவுகோல் குறைவு என்பது என் குறை.

இதுவரை சொன்னவை எல்லாம் அரசு நேர்மையாக இருக்க முயல்கிறது, இடையில் உள்ளவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற வகை. விற்பவரே அரசு என்றால்? இங்கே மியான்மர் தேக்கு வருகிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூணிலும் நிலையிலும் நிற்கும் பர்மா தேக்கு நமக்கு அந்நியமில்லை. வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தாரின் பணமும் அந்த மரமும் ஒரே கடல்வழியில் வந்தவை.

மியான்மரின் தேக்குக் காடுகளுக்கு உலகிலேயே பழைய மேலாண்மை முறைகளில் ஒன்று உண்டு. 1856இல் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ் தொடங்கிவைத்தது. காட்டை முப்பது பகுதிகளாக்கி ஆண்டுக்கு ஒரு பகுதி. அதிலும் நல்ல ஈரக் காட்டில் ஏழரை அடி சுற்றளவுக்குக் குறைந்த தேக்கைத் தொடக் கூடாது. தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில் வளையமாகப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, அது நின்றபடியே உலர மூன்று ஆண்டு விட்டுவைப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். உலர்ந்தால்தான் ஆற்றில் மிதக்கும். யானை இழுத்து, வனத்துறை சுத்தியல் முத்திரை குத்தி, யாங்கோன் கிடங்குக்கு வரும். மியான்மா டிம்பர் என்டர்பிரைஸ் என்னும் அரசு நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் சட்டப்படி இதைச் செய்ய முடியாது. ஏலத்தில் எடுத்தவருக்கு அரசின் ரசீது கிடைக்கும். இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும் என்று பல ஐரோப்பிய வணிகர்கள் உண்மையாகவே கேட்டார்கள்.

2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய மரச் சட்டத்தின் பதில் வேறு. முதலில் சந்தைக்குள் கொண்டுவருபவர், அந்த மரம் வெட்டப்பட்ட நாட்டுச் சட்டத்தை மீறியிருக்கும் அபாயம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்திருப்பதைக் காட்ட வேண்டும். 2016 அக்டோபரில் சுவீடனின் யான்ஷோபிங் நிர்வாக நீதிமன்றம் ஓர் இறக்குமதியாளருக்கு அபராதம் விதித்தது. அவர் காட்டியது மியான்மர் வணிகர் கூட்டமைப்பு தயாரித்த, பச்சைக் கோப்பு என்று தொழிலில் பேர்பெற்ற ஆவணக் கட்டு. எந்தக் காட்டில், யார் வெட்டினார்கள் என்ற சங்கிலி அதில் இல்லை என்றது நீதிமன்றம். வெட்டும் வேலையை அரசு நிறுவனம் துணை ஒப்பந்தக்காரர்களுக்கு விட்டிருந்தது; அவர்கள் வரம்புக்குள் வெட்டினார்களா என்பதற்கு ரசீதில் இடமில்லை. அடுத்த ஆண்டு டென்மார்க் அதிகாரிகளும் அதே முடிவுக்கு வந்தார்கள். அபராதம் சிறிய தொகை. ஆனால் ஓர் அரசின் முத்திரை மட்டும் போதாது என்று ஒரு நீதிமன்றம் எழுதியது பெரிய திருப்பம்.

நீதிமன்றத்தின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது. லண்டனைச் சேர்ந்த சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை 2014இல் எளிய காரியம் ஒன்று செய்திருந்தது. மியான்மர் வெட்டியதாகவும் அனுப்பியதாகவும் பதிந்த கட்டைகளை, மற்ற நாடுகள் அங்கிருந்து பெற்றதாகப் பதிந்த கட்டைகளோடு ஒப்பிட்டது. பெற்றது அனுப்பியதைவிட மிக அதிகம். உணவு வேளாண்மை நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2010–2015 ஆண்டுகளில் மியான்மர் ஆண்டுக்கு 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்தது. பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடி. மியான்மர் அரசே 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2016இல் ஓராண்டு நாடு முழுக்க வெட்டையே நிறுத்தியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கேள்வியே மாறிப்போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் அரசு மர நிறுவனத்தின்மீதே தடை விதித்தன. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தால் என்ன, பணம் யாருக்குப் போகிறது என்பது சான்றாகிவிட்டது. இந்தியா அந்தத் தடையில் சேரவில்லை. மியான்மர் தேக்கு இங்கே தொடர்ந்து இறங்குகிறது.

சட்டப்பூர்வம் வேறு, நீடித்த தன்மை வேறு என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். செம்மரம் இதற்கு நம் பக்கத்து உதாரணம். ஆந்திராவின் தெற்கிலுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பெரிதாக வளராத மரம். காட்டில் வெட்டுவது குற்றம். ஆனால் பிடிபட்ட கட்டைகளை அரசு ஏலம் விடுகிறது. ஏலத்தில் எடுத்தவர் உரிய அனுமதிகளோடு வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்தக் கட்டைக்கான காகிதம் குறையற்றது. அது காட்டிலிருந்து திருடப்பட்ட மரம் என்பதும் உண்மை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் தனிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள் அதில் பெரும்பாலோர். இந்தச் சங்கிலியில் வெட்டுபவன் உயிரைப் பணயம் வைக்கிறான், வாங்குபவர் ரசீதை வைத்திருக்கிறார்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். தன் வரப்பில் முப்பது ஆண்டு வளர்த்த தேக்கை வெட்டும் விவசாயி, போக்குவரத்துச் சீட்டு வாங்காமல் வண்டியில் ஏற்றினால் சட்டத்தின் கண்ணில் தவறு. காட்டுக்கோ ஒரு தீங்கும் இல்லை. இன்னொரு பக்கம் இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனைக்காக இயற்கைக் காட்டை முழுதாகத் துடைத்தெடுத்தபோது கிடைத்த மரத்துக்கு அனுமதி இருக்கலாம், வரி கட்டியிருக்கலாம். சட்டம் நிறைவேறிவிட்டது, காடுதான் இல்லை. பிரிட்டிஷ் முறை இரண்டையும் தனித்தனியாகக் கேட்டது அதன் சிறப்பு.

நீடித்த தன்மைக்குப் பலரும் நாடுவது சான்றிதழ்ச் சின்னம். 1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கென்று கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் கைகூடாமல் போன ஏமாற்றத்தில், 1993இல் எஃப்.எஸ்.சி. உருவானது, சிறு வன உரிமையாளர்களின் நாட்டுத் திட்டங்களை இணைத்து 1999இல் பி.இ.எஃப்.சி. இந்தியாவும் 2023 டிசம்பரில் தனக்கென்று ஒரு வன, மரச் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. இவற்றின்மீது எனக்கு மரியாதை உண்டு. காட்டுக்குள் ஒரு மூன்றாம் ஆள் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் சின்னத்தில் மூன்று விதம் இருப்பதை வாங்குபவர் பலர் கவனிப்பதில்லை. நூறு சதவீதம் என்பது ஒன்று, மறுசுழற்சி ஒன்று, கலவை என்பது வேறு. கலவைச் சின்னமுள்ள பலகையில் உங்கள் கையிலிருக்கும் துண்டு சான்று பெற்ற காட்டைப் பார்த்ததே இல்லை என்பது விதிப்படியே நடக்கலாம். ஆலைக்குள் போன அளவுக்கு ஈடாக வெளியே சின்னம் ஒட்டலாம் என்பதே அந்த முறை. மேலும், சங்கிலியில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கைத் தன் தணிக்கையாளரிடம் காட்டும். ஒருவர் விற்றதாகச் சொல்வதும் அடுத்தவர் வாங்கியதாகச் சொல்வதும் சமமா என்று ஒவ்வொரு விற்பனைக்கும் யாரும் ஒப்பிடுவதில்லை. மங்கோலிய ஓக்கில் பார்த்த அதே ஓட்டை.

2022 மார்ச்சில் ஒரு வினோதம் நடந்தது. உக்ரைன் போரை அடுத்து, ரஷ்ய, பெலாரூஸ் மரத்தை இரண்டு திட்டங்களும் மோதல் மரம் என்று வகைப்படுத்தி வெளியேற்றின. முந்தின வாரம் வரை பொறுப்பான மரமாக விற்ற பிர்ச் ஒட்டுப்பலகை சின்னத்தை இழந்தது. சில மாதங்களில் அதுபோன்ற பலகை துருக்கி, கஜகஸ்தான் பெயர்களில் வரத் தொடங்கியது. அங்கே அவ்வளவு பிர்ச் காடே இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். மறுபடியும் கூட்டல் கழித்தல்.

ஆய்வகம் இங்கே உதவிக்கு வருகிறது. மரம் குடித்த மழைநீரின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறும். அது மரத்தில் பதிந்திருக்கும். அந்தந்தக் காடுகளிலிருந்து எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டால், சொல்லப்பட்ட இடத்தோடு இந்தப் பலகை பொருந்தவில்லை என்று சொல்லலாம். பெங்களூரிலுள்ள மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் பேரினம் என்று கண்டுபிடிப்பார்கள். இவற்றின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பொய்யை உடைப்பதில் ஆய்வகம் வல்லது; உண்மையை நிறுவுவதில் அவ்வளவு இல்லை. தேக்கு தேக்குதான் என்று நுண்ணோக்கி சொல்லும். அதை வெட்டியவரிடம் அனுமதி இருந்ததா என்று எந்தக் கருவியும் சொல்லாது.

நம் சந்தைக்கு வருவோம். நீலகிரியின் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுவதும் செயல்திட்டம் இல்லாத வெட்டை நிறுத்தியது. நம் காடுகளுக்கு அது நல்ல காலம். தேவையோ குறையவில்லை; இறக்குமதி அந்த இடத்தை நிரப்பியது. இன்று தமிழ்நாட்டு மரவாடிகளில் கானா, நைஜீரியா, ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா தேக்கெல்லாம் கிடக்கிறது. பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்தவை. அறுத்துப் பட்டறைக்குப் போனபின் அவற்றில் கொஞ்சம் பர்மா என்று பெயர் மாறுவதும் உண்டு. உள்நாட்டு மரத்துக்கு 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள், சீட்டு, சுத்தியல் முத்திரை எல்லாம் இருக்கின்றன. வெளிநாட்டு மரத்துக்குத் துறைமுகத்தில் பூச்சிச் சோதனையும் வரியும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில் பட்டியலிடப்பட்ட இனங்களுக்குத் தனி அனுமதி உண்டு. அந்த நாட்டில் அது சட்டப்படி வெட்டப்பட்டதா என்று இறக்குமதியாளரைக் கேட்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நம் காட்டைக் காத்து, அடுத்தவன் காட்டைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று கடுமையாகவே சொல்லலாம்.

ஐரோப்பாவின் புதிய காடழிப்பு ஒழுங்குமுறை 2023இல் சட்டமானது. இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு இன்னும் நடைமுறைக்குக் காத்திருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த மரம், காப்பி, ரப்பர் உள்ளிட்ட ஏழு பொருள்களை அது தடுக்கும். விளைந்த நிலத்தின் ஆயத்தொலைவைக் கேட்கும். பெருவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் ஆயத்தொலைவும் பொய் சொல்லும். வேறுபாடு என்னவென்றால், இப்போது செயற்கைக்கோள் படத்தை வைத்து அந்தப் பொய்யைத் தொலைவிலிருந்தே கொஞ்சம் சோதிக்கலாம். இதன் சுமை சிறு விவசாயிமேல் விழும் என்ற கவலை நியாயமானது. நீலகிரியிலும் குடகிலும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் வரைபடக் கோப்பு கேட்பது எளிதில்லை.

அரசு வாங்குபவராக இருக்கும் இடத்தில் அந்தக் கவலை குறைவு. கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதற்கு 1993இல் போட்ட தடையை மத்தியப் பொதுப்பணித் துறை 2020இல் நீக்கிக்கொண்டது. ஆகவே பள்ளிக் கதவும் மருத்துவமனை ஜன்னலும் மீண்டும் மரத்தில் வரும். ஒப்பந்தப் படிவங்களில் இன்று வழக்கமாக இருப்பது முதல் தரம், முடிச்சு இல்லாதது, நன்கு உலர்ந்தது என்ற தரச் சொற்கள். அவற்றோடு தாவரவியல் பெயர், வெட்டப்பட்ட நாடும் காடும் அல்லது தோட்டமும், எந்த முறையில் அளந்த எத்தனை கன அடி, அதே வெட்டு அனுமதியின்கீழ் இதுவரை விற்ற மொத்த அளவு ஆகிய நான்கையும் கேட்டால் போதும்; இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. முதல் மூன்றை எந்த இறக்குமதியாளரும் ஒரு வாரத்தில் தந்துவிடுவார். நான்காவதற்கு அவர் தனக்கு விற்றவரிடம் கேட்க வேண்டும், அவர் தனக்கு விற்றவரிடம். அந்தக் கேள்வி எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ அந்த இடத்திலிருந்து தணிக்கையைத் தொடங்கலாம்.